மே மாதத் தொட்டிச் செடிகள்: மொட்டை மாடியா, வீட்டுக்குள்ளா?

வேலூர் வாசகர்: சார், மாடியில் பத்துப் பை தக்காளி. காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் விட்டும் மதியம் துவண்டு விழுகிறது. இன்னும் கூடுதலாக விடலாமா?

வேண்டாம். பையின் மேற்குப் பக்கமாக இரண்டு கணு ஆழம் விரலை விட்டுப் பாருங்கள். மண் ஈரமாக, ஆனால் சுடச்சுட இருந்தால் செடிக்குத் தாகமில்லை, வேர் வெந்துகொண்டிருக்கிறது. மண் 35 டிகிரியைத் தாண்டிவிட்டால் வேர் தண்ணீர் இழுப்பது குறையும். ஈரத்தில் நின்றுகொண்டே இலை வாடும். அதற்கு மேலும் ஊற்றினால் காற்றில்லாமல் வேர் அழுகும்.

கீழே தளத்திலிருந்தும் சூடு ஏறுகிறது. ஒவ்வொரு பையையும் இரண்டு செங்கல் மேல் ஏற்றுங்கள், நடுவில் காற்று ஓட இடம் விட்டு. கறுப்புப் பை என்றால் மேற்குப் பக்கம் வெள்ளைச் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குச் சருகு மூடாக்கு. 12 அங்குலத்துக்குக் குறைந்த பை இந்த வெயிலுக்குத் தாங்காது. மண் குறைவு, சீக்கிரம் சூடேறும்.

ஒன்றை எல்லோரும் மறக்கிறோம்: வெயிலில் சுருண்டு கிடக்கும் ஹோஸில் முதலில் வருவது வெந்நீர். கையில் பிடித்துப் பார்த்து, ஆறிய பிறகே செடிக்குத் திருப்புங்கள். விடியற்காலை ஏழுக்குள் ஊற்றுவதே நல்லது.

மாலை தானாக நிமிர்ந்தால் கவலை இல்லை. விடியற்காலையிலும் துவண்டே இருந்தால் வேர் போய்விட்டது.

சென்னை வாசகி: தக்காளியில் பூ நிறைய வைக்கிறது, ஒன்றுகூடக் காயாகவில்லை. என்ன உரம் போடலாம்?

உரத்தால் தீராது. பகல் 35-ஐயும் இரவு 24-ஐயும் தாண்டினால் தக்காளியின் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். சென்னையில் மே மாத இரவுகள் 28-ஐ ஒட்டி நிற்கும். 50 சதவீத நிழல்வலை பகல் சூட்டைத் தணிக்கும், இரவை ஒன்றும் செய்யாது. செடியைக் காப்பாற்றி வைத்தாலே போதும். கத்தரி வெயிலுக்கு வெண்டை, கொத்தவரை, அரைக்கீரை. தக்காளிக்கு ஆடிக்குப் பிறகு வாருங்கள்.

மதுரை வாசகர்: அப்படியானால் எல்லாவற்றையும் வீட்டுக்குள் வைத்துவிடலாமே அண்ணா?

வீட்டுக்குள் சூடு குறையும், வெளிச்சம் அதைவிடக் குறையும். ஜன்னலிலிருந்து மூன்றடி தள்ளினாலே நம் கண்ணுக்கு வெளிச்சம், செடிக்கு இருட்டு. தண்டு நூலாக நீண்டு ஜன்னல் பக்கம் சாய்வது அதனால்தான். கறிவேப்பிலை, மிளகாய், கத்தரி எல்லாம் வெளியேதான். புதினாவுக்குக் காலை வெயில் விழும் கிழக்கு பால்கனி போதும்.

உள்ளே வைப்பதில் லாபம் கொத்தமல்லிக்குத்தான். சூட்டில் சரியாக முளைக்காது, முளைத்தாலும் சட்டென்று பூத்துவிடும். நாலடி அலமாரித் தட்டுக்கு 20 வாட் எல்இடி டியூப் லைட் இரண்டு, 6500கே (வெளிச்சத்தின் நிற அளவு) வெள்ளை வெளிச்சம். இலைக்கு மேல் அரையடியில் தொங்கட்டும்; செடி வளர வளர உயர்த்துங்கள். தினம் 14 மணி நேரம் எரிந்தால் மாதம் 17 யூனிட் ஆகும். கடையில் பத்து ரூபாய்க்குக் கட்டு கிடைக்கும்போது இது கட்டுப்படியாகுமா என்பது உங்கள் கணக்கு.

திருச்சி வாசகி: உள்ளே வைத்த தொட்டியைச் சுற்றிச் சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது.

கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) எப்போதும் சொதசொதவென்று இருப்பதால் வருகிறது. உள்ளே இருக்கும் தொட்டி வெளியே இருப்பதுபோலத் தண்ணீர் குடிக்காது. மேல் ஓரங்குலம் காய்ந்த பிறகே ஊற்றுங்கள், அடித்தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். மேலே அரை அங்குலம் ஆற்று மணல் பரப்பினால் ஈ முட்டையிடுவது குறையும்.

சேலம் வாசகர்: மாடியில் மிளகாய் இலையின் அடியில் மெல்லிய நூலாம்படை, மேலே வெளிறிய புள்ளி. வேப்பெண்ணெய் அடித்தேன், இலை கருகிவிட்டது.

செம்பேன், கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிலந்தி இனப் பூச்சி. வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும். இலை கருகியது பூச்சியால் அல்ல, வெயில் நேரத்தில் எண்ணெய் அடித்ததால். முதலில் இரண்டு நாள் இலையின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். பாதி அதிலேயே போகும். பிறகு ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி சோப்புக் கரைசல். சோப்பை முதலில் எண்ணெயோடு அடித்துக் கலக்கி, பால்போல் வெளுத்த பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் எண்ணெய் மிதந்து, கடைசியில் அடிக்கும் செடிமேல் மொத்தமாக விழும். வெயில் சாய்ந்த பிறகே அடியுங்கள்.

கோவை வாசகர்: உள்ளே வளர்த்த நாற்றை நேராக மாடிக்குக் கொண்டுபோகலாமா?

ஒரே மதியத்தில் இலை வெள்ளைக் காகிதமாகிவிடும். முதல் மூன்று நாள் நிழலில், அடுத்த நான்கு நாள் காலை ஒன்பது வரை வெயிலில், பிறகு ஒரு வாரம் வலைக்கடியில். வெளுத்த இலை திரும்பப் பச்சையாகாது. ஆனால் குருத்து பச்சையாக வருகிறதென்றால் பிடித்துக்கொண்டது.