பூஞ்சணப் புள்ளி வைத்த கனெக்ஷன்

கேள்வி: ஏ.எல். முடித்துவிட்டு ஹட்டனில் ஒரு ரேடியோ, டீவி ரிப்பேர் கடையில் வேலை பழகுகிறேன். போர்டைத் திறந்தால் இது ரெசிஸ்டர், இது கெபாசிட்டர், இது டயோட் என்று கைவைத்துச் சொல்லிவிடுவேன். முதலாளி சர்க்கிட் படத்தை விரித்து வைத்து "பார்" என்றால்தான் தலை சுற்றுகிறது. படத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பார்ட் போர்டில் எங்கேயோ ஒரு மூலையில் கிடக்கிறது. குறியீடுகளை எல்லாம் பாடமாக்கினால் சரியாகிவிடுமா, மாஸ்டர்?
– தலவாக்கலையிலிருந்து ஒரு தம்பி

பதில்: பாடமாக்குவது பெரிய வேலை இல்லை தம்பி. இருபது, இருபத்தைந்து குறியீடு தெரிந்தாலே சாதாரண ரிப்பேருக்குப் போதும், பார்க்கப் பார்க்க அது தானாக ஒட்டிக்கொள்ளும். உங்கள் சிக்கல் வேறு: படத்தைப் போர்டின் போட்டோ என்று நினைத்துப் பார்க்கிறீர்கள்.

ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாருங்கள். யார் யாருக்கு மகன், யார் பேத்தி, யார் தாய்மாமன் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போய் "தாய்மாமன் எந்த நாற்காலியில்?" என்று தேடினால் கிடைக்குமா? அவர் சமையற்கட்டில் நிற்பார். சர்க்கிட் படமும் அப்படித்தான், எந்தக் கால் எந்தக் காலோடு உறவு என்பதை மட்டும் சொல்லும், எந்தப் பார்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலையே கிடையாது.

ஆகவே பார்ட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டுச் சந்திப்புகளைப் பாருங்கள். பிள்ளைகளின் கலர் பென்சில் பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 9 வோல்ட் பேட்டரி, சுவிட்ச், ரெசிஸ்டர், சிவப்பு எல்ஈடி, இந்த நான்கும் வளையமாக இணைந்த படம் ஒன்றை வரையுங்கள். பேட்டரியின் பிளஸ்ஸில் தொடங்கி ஒரு நிறத்தால் கோட்டின் மேலேயே தீட்டிக்கொண்டு போங்கள், ஒரு பார்ட் குறுக்கே வந்தால் நிறுத்துங்கள், அந்தப் பக்கம் வேறு நிறம். நான்கு பார்ட்டுக்கு நான்கு நிறம் வரும். ஒரே நிறம் உள்ள இடமெல்லாம் மின்சாரத்துக்கு ஒரே இடம்தான், கோடு கால் அங்குலம் ஓடினாலும் சரி, தாளைச் சுற்றி வந்தாலும் சரி. இனி ரெசிஸ்டரையும் எல்ஈடியையும் இடம் மாற்றி வரைந்து பாருங்கள். லைட் அதே மாதிரிதான் எரியும், ஏனென்றால் வரிசையில் ஓடுகிற கரண்ட் எங்கேயும் ஒன்றுதான். (ரெசிஸ்டர் எவ்வளவு என்று கேட்பீர்கள்: சிவப்பு எல்ஈடி சுமார் 2 வோல்ட்டைத் தான் வைத்துக்கொள்ளும், மிச்சம் 7. அதில் 15 மில்லி ஆம்பியர் ஓட 467 ஓம் வருகிறது, கடையில் 470 கேட்டு வாங்குங்கள்.)

புதிதாகப் படிப்பவர்களைக் குழப்புகிற இன்னொன்று, கோடு திடீரென்று அந்தரத்தில் நின்றுவிடுவது. கீழே மூன்று சின்னக் கோடு அடுக்கிய கிரவுண்ட் குறியீடு பத்து இடத்தில் இருந்தால் அந்தப் பத்தும் ஒன்றோடொன்று சேர்ந்தவை, நடுவில் கோடு இழுத்தால் படம் அசிங்கமாகும் என்பதால் விட்டிருக்கிறார்கள். அதே மாதிரி 5 வோல்ட், 12 வோல்ட் என்று பெயர் மட்டும் எழுதி நிறுத்திய கோடுகளும். ரேடியோ படத்தில் இருக்கிற கிரவுண்டைப் பார்த்துவிட்டு மண்ணில் கம்பி அடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், பெரும்பாலும் அது பேட்டரியின் மைனஸ் பக்கம், அவ்வளவுதான்.

அப்புறம் புள்ளி. இரண்டு கோடு குறுக்கே போகிறபோது நடுவில் கறுப்புப் புள்ளி இருந்தால் இணைப்பு, இல்லாவிட்டால் மேம்பாலம் மாதிரி ஒன்றின் மேல் ஒன்று போகிறது. நான் வேலை பழகிய காலத்தில் ஒரு கேசட் ரேடியோவின் படம், மழைக்காலம் பூராவும் கடை அலுமாரியில் கிடந்த தாள், அதில் சப்ளைக் கோடும் ஒரு டிரான்சிஸ்டரின் பேஸ் என்ற காலுக்குப் போகிற கோடும் குறுக்கிடுகிற இடத்தில் நல்ல உருண்டையாக ஒரு புள்ளி. போர்டில் அந்த இணைப்பைக் காணோம். யாரோ அறுத்துவிட்டான் என்று முடிவு பண்ணி, ஒரு துண்டு வயரை அழகாக ஈயம் பற்றவைத்து, பெருமையோடு சுவிட்சைப் போட்டேன். டிரான்சிஸ்டர் புகைந்தது. முதலாளி ஒன்றும் பேசவில்லை. தாளை எடுத்து அந்தப் புள்ளியை நகத்தால் சுரண்டினார், போய்விட்டது. பூஞ்சணம்! நம் பக்கத்துப் பனிமூட்டத்துக்குக் காகிதம் என்றால் அவ்வளவு ஆசை.

அன்றிலிருந்து நான் நான்கு கோடு ஒரே புள்ளியில் சந்திக்கிற மாதிரி வரைவதே இல்லை. ஒன்றைக் கொஞ்சம் தள்ளி இரண்டு முச்சந்தியாக வரைந்துவிடுவேன். முச்சந்தி என்றால் புள்ளி அழிந்துபோனாலும் இணைப்பு என்பது தெரியும், நாற்சந்தியில் அந்த உத்தரவாதம் இல்லை.

கேள்வி: பள்ளிக்கூடப் புத்தகத்தில் ரெசிஸ்டர் நீள்சதுரப் பெட்டியாக இருக்கிறது. யூடியூப்பில் வளைந்து நெளிந்த கோடு. எது சரி?
– நுவரெலியாவிலிருந்து ஒரு மாணவர்

பதில்: இரண்டும் சரி. பெட்டி சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60617 தரத்தில் உள்ளது, நெளிகோடு அமெரிக்கப் பழக்கம். பரீட்சைக்குப் புத்தகத்தில் இருப்பதை வரையுங்கள், வீட்டில் உங்கள் இஷ்டம், ஒரே படத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். கூடவே இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: சில படங்களில் 4கே7 என்று எழுதியிருக்கும். அது 4.7 கிலோ ஓம். தசமப் புள்ளி அச்சில் மறைந்துபோனால் 4.7 என்பது 47 ஆகிவிடும் என்பதற்காகப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தை வைக்கிறார்கள். 2ஆர்2 என்றால் 2.2 ஓம். (மேலே சொன்ன கதைக்குப் பிறகு இதன் அருமை உங்களுக்குப் புரியும்.)

கேள்வி: 555 ஐசி வைத்து எல்ஈடி மின்னுகிற சர்க்கிட்டை வரைந்தேன். ஐசி உண்மையில் இருக்கிற மாதிரியே எட்டுக் காலையும் வரிசையாகப் போட்டேன். கோடெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இடியப்பம் மாதிரி ஆகிவிட்டது. சேர் மறுபடியும் வரையச் சொல்லிவிட்டார். நான் செய்ததில் என்ன பிழை?
– பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவி, தரம் 11

பதில்: பிழை என்று இல்லை மகள், ஆனால் சேர் சொன்னதுதான் நல்லது. அந்தக் கால்கள் அந்த வரிசையில் இருப்பது ஐசி செய்தவர்களின் வசதிக்கு. இந்த 555 டைமர் ஐசியை 1972இல் சிக்னெட்டிக்ஸ் கம்பெனி வெளியிட்டது, வடிவமைத்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட், இன்றைக்கும் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. நீங்கள் வரைகிற படம் வாசிப்பவரின் வசதிக்கு. ஒரு வெறும் பெட்டி போடுங்கள். சப்ளை வருகிற 8, அதோடு சேர்கிற 4 இரண்டும் மேலே. கிரவுண்டுக்குப் போகிற 1 கீழே. வெளியே விடுகிற 3 வலப்பக்கம். இடப்பக்கத்தில் மேலிருந்து கீழாக 7, 6, 2. எண்களைப் பெட்டிக்குள் கட்டாயம் எழுதுங்கள்.

இனி இடப்பக்கத்தைப் பாருங்கள். மேலே சப்ளைக் கோட்டிலிருந்து ஆர்1 இறங்கி 7க்கு வருகிறது, அங்கிருந்து ஆர்2 இறங்கி 6க்கு, 6உம் 2உம் ஒன்றாகச் சேர்கின்றன, அந்த இடத்திலிருந்து கெபாசிட்டர் இறங்கிக் கிரவுண்டைத் தொடுகிறது. ஒரே நேர்கோடு, ஒரு குறுக்கீடும் இல்லை. பீலி கட்டி மேலேயிருந்து தண்ணீர் விட்டால் கீழே பானை நிறைகிற மாதிரி, ஆர்1, ஆர்2 வழியாகக் கெபாசிட்டர் நிறைகிறது. சப்ளையில் மூன்றில் இரண்டு பங்கு வந்ததும் 6ஆம் கால் கண்டுபிடித்துவிடும், உடனே 7ஆம் கால் கிரவுண்டுக்குத் திறந்துகொண்டு ஆர்2 வழியாகப் பானையைக் காலி பண்ணும். மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கினதும் 2ஆம் கால் பார்த்து 7ஐ மூட வைக்கும், மறுபடியும் நிறையத் தொடங்கும். ஆர்1 1 கிலோ ஓம், ஆர்2 68 கிலோ ஓம், கெபாசிட்டர் 10 மைக்ரோஃபாரட் என்றால் செக்கனுக்கு ஏறக்குறைய ஒரு தரம் மின்னும். 5ஆம் காலை மறந்துவிட வேண்டாம், அதிலிருந்து கிரவுண்டுக்கு 0.01 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று.

இடியப்பத்தில் இந்தக் கதையை யாராலும் வாசிக்க முடியாது. செய்து பார்க்கும்போது மட்டும் உண்மையான ஐசிக்குத் திரும்புங்கள்: வெட்டு உள்ள பக்கம் மேலே இருக்கட்டும், இடது மேல் கால் 1, அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாக எண்ணிக்கொண்டு வந்தால் 1க்கு நேர் எதிரே 8இல் முடியும்.

கேள்வி: 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் வெட்டின நேரம் வாங்கிய எமர்ஜென்சி லைட் வேலை செய்யவில்லை. சின்ன போர்டுதான், படம் எங்கேயும் கிடைக்கவில்லை. போர்டைப் பார்த்து நானே படம் வரையலாமா?
– பதுளையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தாராளமாக. படம் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் முதலில் ஒரு விஷயம், இதைப் படிக்காமல் திருகாணியைத் தொடாதீர்கள். விலை குறைந்த லைட்டுகள் பலவற்றில் டிரான்ஸ்போமர் கிடையாது. 105ஜே 400வி என்று எழுதிய கட்டையான ஒரு கெபாசிட்டர் இருக்கும், அதாவது 1 மைக்ரோஃபாரட், அதன் வழியாகத்தான் 230 வோல்ட் லைனிலிருந்து நேராகச் சார்ஜ் ஆகிறது. பிளக் செருகியிருக்கும்போது எல்ஈடி பக்கம், பேட்டரி பக்கம் எதைத் தொட்டாலும் ஷாக் அடிக்கலாம். பிளக்கைக் கழற்றி, பேட்டரி வயரையும் கழற்றி, கெபாசிட்டரின் இரண்டு காலுக்கும் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒன்றும் மிச்சமில்லை என்று பார்த்த பிறகு தொடங்குங்கள். மிச்சம் இருந்தால் 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் காப்பிட்ட குறட்டால் பிடித்துச் சில விநாடி அந்தக் கால்களுக்குக் குறுக்கே வைத்து இறக்கிவிட்டு மறுபடியும் பாருங்கள்.

பழுப்பு நிற ஒற்றைப் பக்கப் போர்டாக இருந்தால் பின்னால் டோர்ச் அடியுங்கள், செப்புப் பாதை நிழலாகத் தெரியும். இரண்டு பக்கத்தையும் போனில் எடுத்து, செப்புப் பக்கத்துப் போட்டோவை மட்டும் கண்ணாடி பார்க்கிற மாதிரி இடம் வலம் மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வரைந்தால் டிரான்சிஸ்டர் கால்கள் தலைகீழாக வரும். டிரான்சிஸ்டர் என்றதும் இன்னொன்று, உருவத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தட்டையான முகம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்க, பிசி547இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். அச்சு அசலாக அதே மாதிரி இருக்கிற 2என்3904இல் எமிட்டர், பேஸ், கலெக்டர்.

மீட்டரைப் பீப் அடிக்கிற இடத்தில் வைத்து எந்தக் கால் எந்தக் காலோடு என்று பார்த்து எழுதுங்கள், முடிந்த காலுக்கு ஒரு டிக். காயில், மிகச் சின்ன ரெசிஸ்டர் குறுக்கே இருந்தாலும் பீப் அடிக்கும், அதை வயர் என்று எண்ணிவிட வேண்டாம். முதலில் வருகிற படம் கோழி கிளறின மாதிரிதான் இருக்கும். பரவாயில்லை. இரண்டாவது தடவை பிளஸ் கோட்டை மேலேயும் கிரவுண்டைக் கீழேயும் இழுத்துவிட்டு நடுவில் மற்றதை அடுக்குங்கள். மூன்றாவது தடவை, நான்கு டயோட் சேர்ந்து, ஏசியை டிசியாக்குகிற பிரிட்ஜ் கட்டியிருப்பது கண்ணில் படும். நீங்கள் கேட்ட பழுதைப் பற்றியும் ஒரு சொல்: இந்த லைட்டுகள் நின்றுபோனால் நான் முதலில் சந்தேகப்படுவது பேட்டரியைத்தான். ஆனாலும் படத்தை வரைந்து முடித்துவிட்டே பேட்டரியை மாற்றுங்கள்.

கேள்வி: படம் வரைய எந்த சொப்ட்வெயார் நல்லது?
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: கம்ப்யூட்டர் இருந்தால் கீகேட் (KiCad). இலவசம், எந்தக் கால் இணையாமல் தொங்குகிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். ஒரு விஷயத்தை மட்டும் அது உங்களுக்காக யோசிக்காது: ஐசிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்கள் படத்தில் ஒரு மூலையில் வரிசையாக நிற்கும், போர்டில் ஒவ்வொன்றும் அந்தந்த ஐசியின் சப்ளைக் காலை ஒட்டிப் போக வேண்டும். கம்ப்யூட்டர் இல்லையென்றால் சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று, பென்சில், ஒரு நல்ல அழிரப்பர். கொப்பியை ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள்.