கொலராடோவில் ரெட்வுட் – கடிதம்

அன்புள்ள சார்,

மகனைப் பார்க்க டென்வர் வந்திருக்கிறோம். போன வாரம் ஃப்ளோரிசன்ட் புதைபடிவப் பூங்காவுக்கு அழைத்துப்போனான். கல்லாகிப்போன பிரம்மாண்டமான அடிமரங்கள். ரெட்வுட் என்கிறார்கள். கலிஃபோர்னியா மரம் இங்கே எப்படி வந்தது? நம் செம்மரத்துக்கு இது உறவா?

எம்.

அன்புள்ள எம்.,

செம்மரத்தோடு பெயரில் மட்டும்தான் ஒற்றுமை. நம்முடையது அவரைக் குடும்பம். ரெட்வுட் ஊசியிலை மரம், சைப்ரஸ் வகையறா.

அது எங்கிருந்தும் வரவில்லை. 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் கொலராடோவே அதற்குச் சொந்த ஊர். எரிமலைச் சேறு பெருகிவந்து அடிப்பகுதியை மூடியது. சேற்று நீரிலிருந்த சிலிக்கா என்ற கனிமம் மரத்துக்குள் ஊறிப் படிந்தது. மேலே வெளியில் நின்றதெல்லாம் மக்கிப்போனது, அதனால்தான் நீங்கள் பார்த்தவை வெறும் அடிமரங்கள். பெரிய அடிமரத்தில் துருப்பிடித்த ரம்பத் துண்டுகள் சிக்கிக் கிடக்குமே, கவனித்தீர்களா? 19ஆம் நூற்றாண்டில் அறுத்து எடுத்துப்போக வந்தவர்கள் தோற்றுப்போய் விட்டுச்சென்றவை.

இந்தக் குலத்தின் படிவங்கள் கிரீன்லாந்து, ஐரோப்பா, ஜப்பான் என வட அரைக்கோளம் முழுக்கக் கிடைக்கின்றன. கனடாவின் ஆக்ஸல் ஹைபர்க் தீவு வடதுருவத்துக்குப் பக்கம், ஏறக்குறைய 80 பாகை வட அட்சரேகை. அங்கே 4.5 கோடி ஆண்டு வயதான அடிமரங்கள் கல்லாகக்கூட மாறவில்லை. அறுத்தால் மரத்தூள் உதிரும், கொளுத்தினால் எரியும்! பிறகு பூமி குளிர்ந்தது, பல இடங்கள் வறண்டன. உயரமான ரெட்வுட் இன்று கலிஃபோர்னியாவிலும் ஓரிகனின் தென்கோடியிலும் கடலோரத்தை ஒட்டி மட்டும் நிற்கிறது. மழையில்லாத கோடையில் அதைக் காப்பாற்றுவது கடல் மூடுபனி. அதன் உறவான ராட்சத செக்கோயா மரத்துக்கு கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலைச்சரிவு.

மூன்றாவது உறவுக்காரரின் கதைதான் எனக்குப் பிடித்தது. செக்கோயா (ரெட்வுட்டின் பேரினப் பெயர்) என்று போட்டுவைத்திருந்த படிவங்கள் சிலவற்றில் ஊசிகள் மாறி மாறி இல்லாமல் ஜோடி ஜோடியாக எதிரெதிரே இருப்பதை ஜப்பானியத் தாவரவியலாளர் ஷிகெரு மிகி கவனித்தார். 1941இல் மெட்டாசெக்கோயா என்று தனிப் பேரினம் ஆக்கினார். அழிந்துபோன மரம் என்றே எண்ணம். ஆனால் சீனாவின் ஹூபெய் பக்கம் மோதாவ் கிராமத்தில் அது உயிரோடு நின்றுகொண்டிருந்தது, காலடியில் ஒரு சின்னக் கோயிலோடு. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் 'ஷுய்ஷா'. 1948இல் சீனத் தாவரவியலாளர்கள் ஹூ ஷியன்சுவும் செங் வான்சுன்னும் அதை முறைப்படி விவரித்தார்கள்.

இன்று அமெரிக்கப் பூங்காக்களில் அதை நிறைய நட்டிருக்கிறார்கள். குளிர்காலத்தில் இலை கொட்டும், தனி ஊசியாக அல்ல, இணுக்கு இணுக்காக. கீழே கிடந்தால் ஒன்றைப் பொறுக்கி ஊசிகளைப் பாருங்கள். எதிரெதிரே இருந்தால் மோதாவ்காரர்தான்.