செமிபாடு: கேட்டதும் சொன்னதும்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்து வந்த கேள்விகளுக்கு ஆயுர்வேத வைத்தியர் ஒருவர் தந்த பதில்கள் இவை. தொடங்க முன்னரே அவர் ஒன்று சொல்லிவிட்டார்: "என்ன மருந்து குடிக்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். பாதிப் பதில் அதற்குள்ளேயே கிடக்கும்."

கேள்வி (கல்முனை, புடவைக் கடை வைத்திருப்பவர்): கடை பூட்ட ராவு 10 மணியாகும். 10.30க்கு கொத்து, இல்லாட்டி புட்டும் இறைச்சியும். 11க்குப் படுக்கை. விடிஞ்சா வயிறு கல்லு மாதிரிக் கிடக்கு, பசியே இல்லை. எண்டாலும் 8 மணிக்கு இடியப்பம் சாப்பிட்டுத்தான் கடைக்குப் போறது. பசி எடுக்க திரிகடுகு குடிக்கலாமா சேர்?

பதில்: திரிகடுகைப் பிறகு பார்ப்போம். ராச் சாப்பாடு இன்னும் முழுதாகச் செமிக்கவில்லை, அதன் மேல் இடியப்பத்தை வைக்கிறீர்கள். முன்னையது செமிக்க முன் அடுத்ததை உண்பதை ஆயுர்வேதம் அத்தியசனம் என்கிறது. அது நாள்பட்டால் அக்கினி, அதாவது சாப்பாட்டைச் செமிக்க வைக்கும் சூடு, மந்தமாகும்: நாக்கில் வெள்ளைப் படிவு, வாயில் பிசுபிசுப்பு, உடம்பெல்லாம் பாரம். இந்த அரைகுறைச் செமிபாட்டின் கழிவைத்தான் ஆமம் என்பார்கள்.

முன்னையது செமித்துவிட்டதா என்று அறிய மணிக்கூடு தேவையில்லை. ஏப்பம் விட்டால் அதில் சாப்பாட்டு மணமோ புளிப்போ இருக்கக் கூடாது. மலசலம் தடையில்லாமல் போக வேண்டும். உடம்பு இலேசாகி, பசியும் தாகமும் தானாக வரவேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது நேரத்தை மாற்றுவதுதான். பிரதான சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டி வந்து மாலை 6.30, 7 மணிக்குக் கடையிலேயே முடியுங்கள். சோறும் மீன் குழம்பும் கீரையும் என்றாலும் சரி, புட்டும் கறியும் என்றாலும் சரி. வீட்டுக்கு வந்து பசித்தால் ஒரு கோப்பை ரசமோ தண்ணிக் கஞ்சியோ போதும். காலையில் பசி வரும் வரை வெந்நீர் மட்டும் குடியுங்கள். பசி 10 மணிக்கு வந்தால் 10 மணிக்குச் சாப்பிடுங்கள். ஆனால் நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் காலைச் சாப்பாட்டை இப்படித் தள்ளிப்போடக் கூடாது. சீனி திடீரென்று இறங்கிவிடும்.

அளவுக்கும் நூல்களில் கணக்கு உண்டு. வயிற்றை நாலு பங்காக எண்ணி, இரண்டு பங்கு சாப்பாடு, ஒரு பங்கு நீர், மிச்சப் பங்கை வெறுமையாக விடவேண்டும். கொத்தில் இந்தக் கணக்கு பிழைத்துப் போகும். கோதுமை மா, எண்ணெய், முட்டை, இறைச்சி எல்லாம் பாரமான சாமான். அதோடு, தட்டிலேயே துண்டு துண்டாகி வருவதால் யாரும் அதை மெல்லுவதில்லை, அள்ளி விழுங்குவதுதான். வாரத்தில் ஒரு நாள், பாதிப் பொதி, 8 மணிக்கு முன்னர் என்றால் ஆட்சேபனை இல்லை.

இரண்டு வாரம் இப்படி நேரத்தை மாற்றியும் பசி மந்தமாக இருந்தால், சாப்பாட்டுக்கு 10 நிமிடம் முன்னர் நகக்கண் அளவு இஞ்சித் துண்டைத் தோல் சீவி, இரண்டு கல்லு உப்பும் சில சொட்டு தேசிப்புளியும் சேர்த்து மென்று தின்னுங்கள். பிரஷர் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம். திரிகடுகு அதற்கும் அடுத்த படிதான்: வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி சம பங்கு இடித்த தூள், கால் தேக்கரண்டி, தேனில்.

கேள்வி (ஏறாவூர்): இஞ்சியும் உப்பும் நானும் தின்று பார்த்தேன். நெஞ்செரிவு கூடினதுதான் மிச்சம். ஏன்?

பதில்: அது உங்களுக்கான வைத்தியம் இல்லை. முதல் கேள்வி கேட்டவருடைய அக்கினி மந்தம், உங்களுடையது தீட்சணம், அதாவது பித்தம் ஏறியது. எரிகிற அடுப்பில் விறகு வைத்த மாதிரிதான். வயிறு சரியில்லை என்றாலே எல்லாருக்கும் இஞ்சி, உள்ளி, மிளகு ரசம் கொடுப்பது நம் வீடுகளில் அடிக்கடி நடக்கும் பிழை.

ஒரு மேசைக்கரண்டி கொத்தமல்லியை ஒன்றிரண்டாக இடித்து, ஒரு கோப்பை கொதித்தாறிய நீரில் ராவு ஊறவிட்டு, விடிய வடித்துக் குடியுங்கள். அவிக்கக் கூடாது, ஊறல் மட்டும். வெறும் வயிற்றில் பிளேன்டீ, சிகரெட், பச்சை மிளகாய்ச் சம்பல் ஆகியவற்றை நிறுத்துங்கள். சாப்பிட்டு 3 மணித்தியாலம் கழித்தே படுக்க வேண்டும். படுக்கும்போது இடப்பக்கம் சரிந்து படுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் காலுக்குக் கீழே 6 அங்குலக் கட்டை வைத்தால் இன்னும் நல்லது. தலையணையை மட்டும் உயர்த்தினால் வயிறு மடிந்து எரிவு கூடும்.

மூட்டு வலிக்கு டைக்ளோபெனக் மாதிரி மாத்திரை எடுக்கிறீர்களா என்றும் பாருங்கள். அது வயிற்றைப் புண்ணாக்கினால் மல்லித் தண்ணீர் ஒன்றும் செய்யாது. இடக் கையோ தாடையோ சேர்ந்து வலித்து வியர்த்தால் அதை நெஞ்செரிவு என்று நினைத்து வீட்டில் இருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்க வேண்டும். தார் போலக் கறுத்த மலம், விழுங்கும்போது அடைப்பு, காரணமில்லாமல் உடம்பு மெலிதல் இருந்தாலும் கைமருந்தோடு நிற்கக் கூடாது.

கேள்வி (ஆரையம்பதி): பிள்ளைகள் ராச் சாப்பாட்டுக்குப் பிறகு எருமைத் தயிரும் பாணியும் கேட்குதுகள். ராவில் தயிர் கூடாது என்று மாமி சொல்றா. உண்மையா?

பதில்: மாமி சொல்வது சரி. ராவில் தயிர் வேண்டாம், சூடாக்கிய தயிரும் வேண்டாம் என்பது நூல் விதி. எருமைத் தயிரில் கொழுப்பு அதிகம், அதனால் பசுத்தயிரை விடப் பாரம். அதே விதியில், தயிரைத் தனியே உண்ணாமல் சர்க்கரை, தேன், நெய், பாசிப்பயற்று ரசம், நெல்லிக்காய் இவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்து உண்ணச் சொல்லியிருக்கிறது. ஆகவே பாணி ஊற்றும் நம் வழக்கம் தப்பில்லை, நேரம்தான் தப்பு. பகல் சாப்பாட்டோடு நாலைந்து கரண்டி கொடுங்கள்.

தினமும் வேண்டுமென்றால் மோராக்குங்கள். தயிர் ஒரு பங்கு, தண்ணீர் 4 பங்கு. மத்தால் 5 நிமிடமாவது கடைந்து, மேலே திரளும் வெண்ணெயை எடுத்துவிட வேண்டும். அந்த வெண்ணெயை எடுப்பதில்தான் மோரின் இலேசு இருக்கிறது. தண்ணீர் மட்டும் கலக்கினால் அது நீர்த்த தயிர். வறுத்துப் பொடித்த நற்சீரகம் அரைத் தேக்கரண்டி, வேர்க்கொம்புத் தூள் ஒரு சிட்டிகை, உப்பு, கசக்கிய கறிவேப்பிலை சேர்த்து பகல் சாப்பாட்டுக்குப் பின் ஒரு கிளாஸ். பிரிட்ஜ் தண்ணீர் ஊற்ற வேண்டாம். சட்டியில் இருந்து கடும் புளிப்பு ஏறிய தயிரின் மோர் நெஞ்செரிவுக்காரருக்கு ஆகாது.

கேள்வி (அக்கரைப்பற்று): மீனும் பாலும் சேரக் கூடாது என்றால், தேங்காய்ப்பால் விட்ட மீன் சொதியும் கூடாதா? மீன் தின்றபிறகு தயிர் தின்றால் உடம்பில் தடிப்பு வருமா?

பதில்: விருத்தாகாரம், அதாவது ஒன்றோடொன்று சேரக் கூடாத உணவு, என்று நூல் சொல்வது மிருகப் பாலை. தேங்காய்ப்பால் அதில் சேராது, சொதியைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். மீனும் பாலும் சேர்ந்தால் வெண்புள்ளி வரும் என்பதற்கு நவீன மருத்துவத்தில் ஆதாரம் இல்லை. நூலை மதிப்பவர்கள் தவிர்க்கலாம், தெரியாமல் சாப்பிட்டவர்கள் பயப்படத் தேவையில்லை.

தடிப்புக்குப் பெரும்பாலும் வேறு காரணம் இருக்கும். சூரை போன்ற மீன் ஐஸ் போடாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகும். அவித்தாலும் பொரித்தாலும் அது அழியாது. தின்று கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு தடித்து, தலையிடிக்கும். பழி தயிருக்குப் போய்ச் சேரும். மீன் நாக்கில் மிளகு மாதிரிச் சுணைத்தால் அந்தத் துண்டை விழுங்காதீர்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி (செங்கலடி, விவசாயி): வயலுக்குப் போக முன் பழஞ்சோறு நல்லதா?

பதில்: வெயிலில் உடம்பு முறிய வேலை செய்பவருக்கு நல்லது. சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, கொதித்தாறிய தண்ணீரை மூழ்க ஊற்றி, மண் சட்டியில் 8 முதல் 10 மணித்தியாலம் மூடி வையுங்கள். சூடான பானையிலேயே அடைத்து வைத்த சோறுதான் வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் தரும். சோறு நூல் நூலாக இழுபட்டால், கெட்ட மணம் வந்தால் கொட்டிவிடுங்கள். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மோர். மாரியில் சளி பிடிக்கிறவர்கள் விட்டுவிடலாம்.

கேள்வி (சம்மாந்துறை): நோன்பு திறந்ததும் ரோல்ஸ், சமோசா, குளிர் சர்பத். தராவீஹ் தொழும்போது வயிறு ஊதிப் போகுது டொக்டர்.

பதில்: பகல் முழுக்க ஓய்ந்திருந்த அக்கினி மேல் எண்ணெய்ப் பலகாரத்தையும் ஐஸையும் ஒன்றாகக் கொட்டுகிறீர்கள். உபவாசத்துக்குப் பிறகு தண்ணிக் கஞ்சியில் தொடங்கி, படிப்படியாகக் கெட்டியான உணவுக்குப் போவதுதான் ஆயுர்வேத ஒழுங்கு. உங்கள் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி அந்த ஒழுங்குக்கு அச்சாகப் பொருந்துகிறது: அரிசி, வெந்தயம், உள்ளி, இஞ்சி. இறைச்சியைக் குறைத்தால் போதும். பேரீச்சம்பழம், சாதாரணத் தண்ணீர், ஒரு கோப்பை கஞ்சி, பிறகு மஃரிப் தொழுகை. சோற்றை அதன் பின் அரைவாசி வயிற்றுக்கு எடுங்கள். பொரித்தது வேண்டுமென்றால் சோற்றோடு ஒன்று, வெறும் வயிற்றில் வேண்டாம். சஹரில் தண்ணீரை ஒரே மூச்சில் குடிக்காமல், நோன்பு திறந்ததில் இருந்து படுக்கும்வரை பிரித்துக் குடியுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): அம்மாவுக்கு 70 வயது, மூன்று நாளைக்கு ஒருதரம்தான் வெளிக்குப் போறா. நிலாவாரைத் தூள் நிரந்தரமாகக் கொடுக்கலாமா?

பதில்: நிரந்தரமாக வேண்டாம். நிலாவாரை குடலை உந்தித் தள்ளும் மருந்து. அதிகமாக எடுத்தால் வயிறு முறுக்கும், உடம்பின் பொட்டாசியமும் குறையும். திரிபலா, அதாவது கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் சம பங்குத் தூள், ஒரு தேக்கரண்டி இளஞ்சூட்டு நீரில் படுக்கும்போது கொடுங்கள். இளகிப் போனால் அரைக்கரண்டியாகக் குறையுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணித்தியாலம் இடைவெளி வேண்டும். காலையில் வெந்நீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டு 20 நிமிடத்துக்குள் கழிப்பறையில் இருக்கச் சொல்லுங்கள். குடல் தானாக அசையும் நேரம் அது. இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளும் மலத்தைக் கட்டும், எந்தெந்த மாத்திரை எடுக்கிறா என்று பாருங்கள். இந்தக் கட்டு அண்மையில் புதிதாகத் தொடங்கியது என்றாலோ, இரத்தம் கண்டாலோ, திரிபலாவுக்கு முன் பரிசோதனை.

கேள்வி (திருக்கோவில்): மழைக்காலத்தில் அக்கினி குறையும் என்று படித்தேன். அதில் ஆடி, ஆவணியை ஒட்டி மழைக்காலம் என்று போட்டிருக்கு. இங்கே அப்போது கச்சான் காற்று அல்லவா அடிக்குது?

பதில்: நல்ல கேள்வி. அந்தப் பருவக் கணக்கு வட இந்திய மழையை வைத்து எழுதியது, இங்கே அப்படியே ஒட்டாது. மாதத்தை விட்டுவிட்டு விதியைப் பிடியுங்கள். நமக்கு அடைமழை கார்த்திகை முதல் தை வரை. பழைய அரிசிச் சோறு, மிளகு ரசம், உள்ளி, சூடான கஞ்சி, கொதித்தாறிய தண்ணீர் எல்லாம் அந்த மாதங்களுக்கு உரியவை. கச்சான் அடிக்கும்போது கோடை விதி: மோர், இளநீர், வெள்ளரி, காரம் குறைவு. பகலில் சாப்பிட்டு ஒரு கண் உறங்கவும் கோடையில் மட்டும் நூல் அனுமதி தருகிறது.

கேள்வி (வாழைச்சேனை): சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கலாமா?

பதில்: ஒரு மணித்தியாலம் விடுங்கள். தேயிலை சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தைக் குடல் எடுக்கவிடாது. கர்ப்பிணிகளும் இரும்பு மாத்திரை எடுப்பவர்களும் இதில் கண்டிப்பாக இருக்க வேண்டும். சாப்பிட்டபின் நூறு அடி நடப்பது அந்தத் தேத்தண்ணியை விட நல்லது.

கேள்வி (பொத்துவில்): நாலு மாதக் குழந்தைக்கு வயிற்றுப் பொருமல். ஓமத்தண்ணியும் தேனும் கொடுக்கவா தாயி, என்று உம்மா கேட்கிறா.

பதில்: இரண்டும் வேண்டாம். 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. தேன் ஒரு வயது முடியும்வரை ஆகாது, அதில் இருக்கக்கூடிய கிருமிவித்து குழந்தையின் குடலில் நஞ்சு உண்டாக்கலாம். பால் குடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் எடுங்கள். தொப்புளைச் சுற்றி இளஞ்சூட்டுத் தேங்காயெண்ணெயை வலஞ்சுழியாகத் தடவிவிடுங்கள், கால்களை மடித்து மெல்ல வயிற்றோடு சேர்த்து விடுங்கள். பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், வயிறு இறுகிப் பால் குடிக்க மறுத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.