நீங்கள் எத்தனை சதவீதம் கத்தோலிக்கர்? டீச்சரிடம் கேள்வி பதில்

இரண்டு வாரமாக மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே பேச்சுதான். ‘நீங்கள் எவ்வளவு பாரம்பரியமான கத்தோலிக்கர்?’ என்று இணையத்தில் ஒரு வினாடி வினா. இருபது முப்பது கேள்விகள், கடைசியில் ஒரு மதிப்பெண், அதற்கு ஒரு பட்டம். பட்டம் வாங்கியவர்கள் பாதி பேர் பெருமையில், மீதி பேர் கலக்கத்தில். முப்பது வருஷத்துக்கு மேல் ஞாயிறு மறைக்கல்வி எடுத்தவள் என்பதால் இளைஞர் குழு என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது.

திருச்சபைச் சட்டமும் வழிபாட்டு வரலாறும் கேளுங்கள், சொல்கிறேன். கனவுக்குப் பலன், பேய், கல்யாணப் பொருத்தம் எல்லாம் என் கடையில் கிடையாது. அப்புறம், முடிவைக் காட்டுவதற்கு ஐசி (அடையாள அட்டை) எண்ணோ போன் எண்ணோ கேட்டால் அங்கேயே மூடிவிடுங்கள். விசுவாசத்தை அளக்க ஐசி எதற்கு?

எனக்கு 38 மதிப்பெண். ‘நவீனவாதி’ என்று வந்தது. அம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் (குருவிடம் பாவ அறிக்கைக்கு) போகச் சொல்கிறார். போகணுமா டீச்சர்? (ஈப்போவில் வேலை பார்க்கும் தம்பி)

போவது நல்லதுதான், ஆனால் 38-க்காகப் போகாதே. நீ அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். மூன்று வகைச் சரக்கை ஒரே கூடையில் கொட்டியிருக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்குப் (பூசைக்கு) போகிறாயா என்பது சட்டம். நற்கருணையை (பூசையில் தரும் அப்பத்தை) நாவில் வாங்குகிறாயா, கையில் வாங்குகிறாயா என்பது திருச்சபை இரண்டையும் அனுமதித்திருக்கும் இடம். கித்தார் பிடிக்குமா, ஆர்கன் பிடிக்குமா என்பது உன் காது. மூன்றுக்கும் ஒரே அளவில் மதிப்பெண் போட்டால் வாராவாரம் கோயிலுக்கு வரும் நீ 38 வாங்குவாய். கோயில் பக்கமே வராமல் கிரகோரியன் பாடலை (பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடலை) போனில் கேட்கிறவர் 70 வாங்குவார்.

இன்னொன்று, இதை எழுதியவர் அமெரிக்காவில் உட்கார்ந்து அங்கே நடக்கும் சண்டையை வைத்து எழுதியிருக்கிறார். அவருக்குப் பாரம்பரியம் என்றால் லத்தீன், கறுப்பு வலை முக்காடு, வெள்ளிக்கிழமை மீன். நம் கொடியேற்றம், தேர், பெரிய வெள்ளி ஒப்பாரி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் போவது, இவற்றில் ஒன்றைப் பற்றியாவது கேட்டிருக்கிறாரா? கேட்டிருந்தால் உன் அம்மா நூற்றுக்கு நூறு.

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடுவீர்களா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று போட்டேன். மதிப்பெண் குறைந்துவிட்டது. என் மாமியார் இந்து. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன்கூடக் கிடையாது, முழுக்க மரக்கறிதான். (செம்பனைத் தோட்டத்து மருமகள்)

சிரித்துவிட்டேன் அம்மா. இத்தனைக்கும் நீங்கள் சட்டம் கேட்பதைவிட அதிகமாகவே செய்கிறீர்கள். திருச்சபைச் சட்டம் 1251 இறைச்சியைத்தான் விலக்கச் சொல்கிறது. மீன் சாப்பிடு என்று எங்கேயும் கட்டளை இல்லை. கெம்போங் மீன் பொரித்துச் சாப்பிட அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. 14 வயது முடிந்தவர்களுக்கு இந்தச் சட்டம். சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் இறைச்சி விலக்கோடு நோன்பும் உண்டு. அந்த நோன்பு 18 வயது முடிந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும் வரை. மற்ற வெள்ளிகளில் வேறு தவத்தை மாற்றாக வைக்க நாட்டின் ஆயர் (பிஷப்) பேரவைக்கு அதிகாரம் உண்டு. திருத்தந்தை (போப்) ஆறாம் பவுல் 1966-லேயே அந்தக் கதவைத் திறந்துவிட்டார்.

மாமியாருக்கு என் வணக்கம்.

பெண்கள் முக்காடு போட வேண்டியது கட்டாயமா?

1917 சட்டத் தொகுப்பில் இருந்தது. 1983 தொகுப்பில் இல்லை. விருப்பமிருந்தால் போடுங்கள்.

பூசைக்கு முன்னால் தே தாரிக் (பால் தேநீர்) குடிக்கலாமா?

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம். பூசை தொடங்கும் நேரத்திலிருந்து கணக்கு இல்லை, நற்கருணை வாங்கும் நேரத்திலிருந்து கணக்கு. தண்ணீரும் மருந்தும் எப்போதும் சரி. என் சின்ன வயதில் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம். 1964-ல்தான் அதுவும் ஒரு மணி நேரம் ஆனது.

டீச்சர், எங்கள் அம்மாச்சி இன்னும் ‘பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே’ என்றுதான் ஜெபமாலை சொல்கிறார். நாங்கள் ‘அருள் நிறைந்த மரியே’ என்கிறோம். அன்பியக் (அக்கம்பக்கத்து ஜெபக் குழு) கூட்டத்தில் இரண்டும் மோதுகிறது. எது பாரம்பரியம்?

ஆகா, இப்படி ஒரு கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ‘பிரியம்’, ‘தத்தம்’ இரண்டும் வடமொழிச் சொற்கள். அன்போடு கொடுக்கப்பட்டது, அதாவது அருட்கொடை. அதனால் நிறைந்தவள், பூரண மரியாய். அம்மாச்சி சொல்வதும் நீங்கள் சொல்வதும் ஒன்றேதான், சட்டைதான் வேறு. இரண்டும் மோதத் தேவையில்லை. முதல் பாதியை அம்மாச்சி சொல்லட்டும், ‘அர்ச்சிஷ்ட’ (தூய) என்று தொடங்கும் இரண்டாம் பாதியைச் சேர்ந்து சொல்லுங்கள்.

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் பழைய ஜெபம் யாருக்கும் புரியாது. புரியாமல் சொல்வதுதான் பாரம்பரியமா? (பாடகர் குழு அண்ணன்)

புரியாது என்று யார் சொன்னது? எங்கள் பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் பிரட்டுக்கு (தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர் பால் வெட்டி, வாளி தூக்கி வந்தவர். ‘பிரியதத்தம் என்றால் என்ன பாட்டி?’ என்று கேட்டேன். ‘சாமி ஆசையா குடுத்தது’ என்றார். இதைவிட என்ன விளக்கம் வேண்டும்?

அப்படியென்றால் சர்வேசுரன் (இறைவன்), இஸ்பிரீத்து சாந்து (தூய ஆவி) எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவரலாமே! ‘திருப்பலி’ என்பதே புதுச் சொல்தான், ‘பூசை’தான் அசல் என்று என் மாமா சொல்கிறார். (அதே அண்ணன்)

கிண்டல் புரிகிறது. ஆனால் மாமா பாதி தூரம்தான் போயிருக்கிறார். ‘பூசை’ என்ற சொல் வருவதற்கு முன்னால் என்ன சொன்னார்கள் தெரியுமா? போர்த்துக்கீசியர் காலத்தில் ‘மிசா’ என்பதை அப்படியே எடுத்து ‘மீசை’ என்றார்கள். வெளியே இருந்து கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் சுவாமி, இத்தாலியக் குரு ராபர்ட் தெ நொபிலி, அதை விட்டுவிட்டுப் ‘பூசை’ என்றார். அன்றைக்கு அதுதான் புதுச் சொல். கடவுளின் பெயரும் அப்படியே. 1578-ல் கொல்லத்தில் அச்சான, போர்த்துக்கீசியக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கசின் புத்தகத்துக்குப் பெயரே ‘தம்பிரான் வணக்கம்’. அங்கே கடவுள் தம்பிரான். நொபிலிக்கு அவர் சர்வேசுரன். நமக்கு இறைவன்.

வினாடி வினாக்காரர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் லத்தீன் பூசைப் புத்தகம், திரிதெந்து சங்கத்துக்கு (16-ஆம் நூற்றாண்டில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம்) பிறகு திருத்தந்தை ஐந்தாம் பயஸ் வெளியிட்டது, 1570-ஆம் ஆண்டு. நம் தம்பிரான் வணக்கம் அதற்கு எட்டே வருஷம் இளையது. தமிழில் ஜெபம் சொல்வது ஏதோ 1960-களின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்து நேற்று வந்த பழக்கம் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கட்டும்.

மாமா கேட்கச் சொல்கிறார்: அப்படியானால் மீசை என்று சொல்வதுதான் மிகவும் பாரம்பரியமா?

மாமாவிடம் சொல்லுங்கள், ஞாயிறு காலை மீசைக்கு நேரத்தோடு வரச் சொல்லி. போதும், அடுத்த கேள்வி.

திருப்பலியில் முக்காடு போடாவிட்டால் பாவமா?

மேலே பாருங்கள்.

லத்தீன் பூசை காண ஆசை. நம் பக்கம் எங்கே நடக்கும்?

2007-ல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பழைய முறையைத் தாராளமாக அனுமதித்தார். 2021-ல் திருத்தந்தை பிரான்சிஸ் அதை மறுபடி ஆயர்களின் கையில் கொடுத்து இறுக்கிவிட்டார். நாம் பேராக், ஆகவே பினாங்கு மறைமாவட்டம். பங்குத் தந்தையிடம் கேளுங்கள், இணையத்தில் தேடாதீர்கள். தேடினால் திருத்தந்தையின் இருக்கையே காலி என்று சொல்லும் கூட்டத்தில் போய் நிற்பீர்கள். லத்தீன் ஆசையும் அதுவும் ஒன்றல்ல.

லத்தீன் பூசையை நானே சின்ன வயதில் கண்டிருக்கிறேன். 1969-ல் புதிய முறை வந்தபோது எனக்குப் பதினோரு வயது. அதுவரை தோட்டத்துக்கு மாதம் ஒரு தடவை பாதர் வருவார். கொட்டகையில் பூசை, எங்களுக்கு முதுகு காட்டி நிற்பார். அவர் லத்தீனில் முணுமுணுக்க, பாட்டிகள் தமிழில் ஜெபமாலை உருட்டுவார்கள். மணி அடித்தால் எல்லாத் தலையும் குனியும். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாட்டிகளை இந்த வினாடி வினாவில் உட்கார வைத்தால், ‘லத்தீன் பதிலுரைகள் மனப்பாடமாகத் தெரியுமா?’ என்ற கேள்வியிலேயே தோற்றுவிடுவார்கள்.

பெண் பிள்ளைகள் பீடத்தில் உதவி செய்வது தவறு என்று வினாடி வினா சொல்கிறது. என் மகள் செய்கிறாள்.

1994-லேயே ரோம் சரி என்று சொல்லிவிட்டது, முடிவு அந்தந்த ஆயருடையது. மகள் மெழுகுவர்த்தியை நேராகப் பிடித்தால் போதும்.

முடிவு வர ஐசி எண் போடச் சொன்னது. போட்டுவிட்டேன். ஏதும் ஆகுமா?

இதைத்தான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். வங்கியிலிருந்து பேசுகிறோம் என்று யாராவது அழைத்தால் பேசாமல் வையுங்கள். மகனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

என் அண்ணனுக்கு வரன் அமையவில்லை. அவர் 20 மதிப்பெண் வாங்கியதால் இருக்குமோ?

என் கடையில் கிடையாது என்று சொன்னேனே.

கையில் நற்கருணை வாங்கியதற்கு எனக்குப் பத்து மதிப்பெண் கழித்துவிட்டார்கள். கை தப்பா?

தப்பில்லை. நாவில் வாங்குவதுதான் பொது முறை என்று 1969-ல் ரோம் சொன்னது. அதே ஆவணத்தில், கேட்கும் ஆயர் பேரவைகளுக்குக் கையில் கொடுக்கவும் வழி விட்டது. கை அனுமதிக்கப்பட்ட இடத்திலும் நாவில் கேட்பவருக்கு மறுக்கக் கூடாது. கையைக் கழுவிவிட்டு வாருங்கள். காலையில் பசார் (சந்தை) போய்விட்டு நேராக வருகிறவர்களைத்தான் சொல்கிறேன்.

நீங்கள் எத்தனை வாங்கினீர்கள் டீச்சர்? மழுப்பக் கூடாது.

முதல் தடவை 61. மறுநாள் 74. இடையில் நான் மாறவில்லை. நான் சேலை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டுதான் நற்கருணைக்குப் போவேன். முக்காடு கேள்வியில் முந்தானை என்ற பதிலே இல்லை. முதல் நாள் ‘இல்லை’ போட்டேன், மறுநாள் ‘ஆம்’ போட்டேன். ஒரு முந்தானைக்குப் பதின்மூன்று மதிப்பெண்.

டீச்சர், முக்காடு...

மூன்றாவது பதில்.