ஏப்ரல் முதல் வாரம் குல்மார்க்கில் பனிச்சறுக்கு கிடைக்குமா?

கேள்வி: மகளின் பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் ஏப்ரல் முதல் வாரம் குடும்பத்தோடு காஷ்மீரின் குல்மார்க் போக நினைக்கிறோம். யாருக்கும் ஸ்கீயிங் பழக்கம் இல்லை. 'நாலடி பனி கிடக்கிறது, தைரியமாக வாங்க' என்கிறார் ஏஜென்ட். நம்பி டிக்கெட் போடலாமா?
– வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: ஏஜென்ட் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அந்த நாலடியை எங்கே அளந்தார்கள் என்று கேளுங்கள். குல்மார்க் புல்வெளியின் உயரம் சுமார் 2,650 மீட்டர். கொண்டோலா எனும் கம்பிவட வண்டியின் (கேபிள் கார்) முதல் கட்டம் முடியும் கோங்டூரி 3,000 மீட்டருக்குச் சற்று மேலே. இரண்டாம் கட்டம் அஃபர்வாட் மலையில் 3,900 மீட்டரைத் தாண்டுகிறது. உச்சியில் ஆளுயரப் பனி கிடக்கும் நாளிலேயே கீழே புல் தெரியும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கான சரிவுகள் பெரும்பாலும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் இருக்கின்றன. உச்சிச் சரிவுகளோ கைதேர்ந்தவர்களுக்கே உரியவை. சீசன் கடைசியில் முதலில் அடிபடுவது புதியவர்களின் பயணம்தான்.

ஆழத்தைவிட இரவு வெப்பநிலையைப் பாருங்கள். சேலத்து வெயிலிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் ஏழெட்டு டிகிரி குறைகிறதே, அதே கணக்குதான் அங்கேயும்: ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 6.5 டிகிரி. ஸ்ரீநகர் சுமார் 1,585 மீட்டர். அங்கே இரவுக் குறைந்தபட்சம் 8 டிகிரி என்றால் குல்மார்க் புல்வெளியில் 1, கோங்டூரியில் மைனஸ் 2, உச்சியில் மைனஸ் 7 வரும். இது தோராயம்தான். இரவில் குளிர்காற்று பள்ளத்தாக்கில் தேங்கிவிட்டால் மேலே இதைவிடக் குளிர் குறைவாக இருக்கும்.

இரவுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? பகலில் உருகிய பனி இரவில் மறுபடி உறைய வேண்டும். பல நாள் இப்படி உருகி உறைந்தால் பனித்துகள்கள் உருண்டு மணிமணியாகிவிடும். ஸ்கீ ஆட்கள் இதை 'கார்ன் ஸ்னோ' என்பார்கள். சேலத்துக்காரருக்கு ஜவ்வரிசி என்றால் போதும். விடியலில் அது பாறை போல இறுகிக் கிடக்கும். வெயில் ஏறி மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் இளகும்போது சறுக்க அருமையாக இருக்கும். அதற்கு மேல் கஞ்சிதான். வானம் தெளிவாக இருந்தால் பனிப்பரப்பு வெப்பத்தை வெளியே விட்டுவிடும். காற்று 1 டிகிரியில் இருந்தாலும் பனி உறையும். மேகம் மூடினால் போர்வை போர்த்தியது போல, உறையாது. மேகமூட்டமான இரவுக்கு மறுநாள் ஸ்கீ வாடகைக்குக் காசு கொடுப்பது வீண் என்பது எங்கள் கருத்து.

நல்ல நேரம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரம்தான். கிழக்குச் சரிவு முதலில் இளகும், பிறகு தெற்கு, பிறகு மேற்கு. வடக்குச் சரிவு கடைசிவரை தாங்கும். காலால் சோதியுங்கள்: குதிகாலை ஊன்றினால் தடம்கூட விழவில்லையா, காத்திருங்கள். லேசாகப் பதிந்தால் கிளம்பலாம். கணுக்கால் வரை புதைந்தால் நிறுத்திவிடுங்கள். ஈரப்பனியில் ஸ்கீ திடீரென்று ஒட்டிக்கொள்ளும், உடம்பு முன்னே போகும், முழங்கால் முறுக்கிக்கொள்ளும். புதியவர்களுக்கு வரும் காயம் இதுதான். சரிவில் பனி உருண்டைகள் தானாக உருண்டு வருவதைப் பார்த்தால் ஈரப்பனி மொத்தமாகச் சரிந்து விழும் 'அவலாஞ்ச்' எனும் பனிச்சரிவுக்கான அறிகுறி; அந்தச் சரிவின் அடியில்கூட நிற்கக் கூடாது. புதுப்பனி கொட்டிய மறுநாள் வெயிலடித்தாலும் அதே எச்சரிக்கை. மத்திய அரசின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஜிஆர்இ வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைக் காலையில் பார்த்துவிடுங்கள்.

ஏஜென்டிடம் இப்படிக் கேளுங்கள்: புதியவர் பழகும் சரிவின் இன்றைய படம், பிற்பகல் 2 மணிக்கு எடுத்தது, வேண்டும். கடந்த மூன்று இரவும் வானம் தெளிவாக இருந்ததா? கோங்டூரியில் பயிற்சி தருகிறார்களா? படத்தில் மண் திட்டு தெரிந்தால் கோங்டூரியை மட்டும் நம்பி வாருங்கள். அங்கேயும் பயிற்சி இல்லையென்றால் ஸ்கீயிங்கை அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளிவிட்டு, இப்போது பனியை வேடிக்கை பார்க்க மட்டும் போய் வரலாம்.

போவதானால் இரண்டு நாளுக்குப் பதில் நான்கு நாள் தங்குங்கள். ஒரு நல்ல காலையாவது வாய்க்கும். தண்ணீர் புகாத கால்சட்டை, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, சன்ஸ்கிரீன் கட்டாயம். வாடகை ஸ்கீயின் அடியில் ஈரப்பனிக்கான மெழுகு பூசித் தரச் சொல்லுங்கள்.