அடுக்ககத்துப் பொதுச் செடிகளில் பூச்சி: கேள்வி பதில்

கேள்வி: லிஃப்ட் அருகே வைத்திருக்கும் குரோட்டன்களில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியிருக்கிறது. தண்ணீர் பீய்ச்சினால் போகிறது, சில நாளில் திரும்பவும் வருகிறது அக்கா.

பதில்: மாவுப்பூச்சிதான். அந்தப் பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கும். உடம்பில் மெழுகு பூசியிருப்பதால் மருந்தும் எளிதில் ஒட்டாது. ஆகவே முதலில் கையால் எடுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் 70% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து இலைக்காம்பின் இடுக்கு, தண்டின் கணு, தொட்டி விளிம்பின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் துடையுங்கள்.

அடுத்து வேப்பெண்ணெய்க் கரைசல். 1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 5 மி.லி. எண்ணெய், 2 மி.லி. காதி சோப்புக் கரைசல். சோப்பில் எண்ணெயை ஊற்றிப் பால்போல ஆகும்வரை குலுக்கிவிட்டு, பிறகு தண்ணீர் சேருங்கள். எண்ணெய் தனியாக மிதந்தால் இலை கருகும். அன்று கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். வைத்திருந்தால் வீரியம் போய்விடும்.

7 நாள் இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். முட்டை தப்பிவிடும், பொரித்து வரும் குஞ்சுகளைத்தான் அடுத்தடுத்த தெளிப்பு பிடிக்கிறது. பொது இடத்தில் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்: ஒருவர் ஒரு தடவை அடிப்பார், அடுத்த வாரம் யார் என்று தெரியாது. தேதி எழுதிய அட்டை ஒன்றைத் தொட்டியிலேயே கட்டிவிடுங்கள். பக்கத்துத் தொட்டி சுத்தமாகத் தெரிந்தாலும் அதற்கும் அன்றே அடியுங்கள்.

கேள்வி: எறும்பு ஏறுகிறது. அதையும் கொல்லவேண்டுமா?

பதில்: ஏறவிடாமல் தடுத்தால் போதும். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், அடுத்த செடிக்கும் தூக்கிப்போகும். தொட்டியைச் சுவரிலிருந்து நகர்த்தி, தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல் மேல் வையுங்கள். வாரம் இரண்டு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ஏடிஸ் கொசு வளரும்.

கேள்வி: ஏசி போட்ட வரவேற்பறையில் அரேகா பாம் இலை புள்ளி புள்ளியாக வெளுக்கிறது. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து அடித்தும் கேட்கவில்லை.

பதில்: கேட்காது. இலைக்கு அடியில் வெள்ளைத் தாளைப் பிடித்துத் தட்டுங்கள். விழும் புள்ளிகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். எட்டுக்கால் இனம், பூச்சியே அல்ல. அந்த மருந்துக்குப் பிறகு அது பெருகுவதும் உண்டு. வறண்ட காற்று அதற்கு ரொம்பப் பிடிக்கும். செடியை மாடிக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள், 3 நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம்.

கேள்வி: மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் கிளம்புகின்றன. என்ன தெளிப்பது?

பதில்: எதுவும் வேண்டாம். நான்கு வீட்டார் தனித்தனியாக ஊற்றும் தண்ணீர்தான் காரணம். மேல்மண் ஓர் அங்குலம் காயாமல் ஊற்றாதீர்கள், ஈரமில்லாவிட்டால் அதன் புழு பிழைக்காது. பறப்பவற்றுக்கு மஞ்சள் நிற ஒட்டுப்பொறி, அதாவது பசை தடவிய அட்டை, வையுங்கள். தண்ணீர் ஊற்றும் வேலையை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள்.

கேள்வி: வேப்பெண்ணெய் நாற்றம் என்று மேல்வீட்டில் சண்டை.

பதில்: சாயங்காலம் மாடியில் வைத்து அடித்து, மறுநாள் காலை வெயில் ஏறுமுன் இறக்குங்கள்.

கேள்வி: எந்த நிலையில் செடியைத் தூக்கிப்போடலாம்?

பதில்: தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரிலும் வெள்ளை மாவு அப்பியிருந்து, தண்டும் சுருங்கியிருந்தால் செடியை மண்ணோடு பையில் கட்டி வெளியேற்றுங்கள். பொது உரக்குழியில் போடவேண்டாம். தொட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்து நல்ல வெயிலில் காயவைத்தபிறகு புதுச்செடி வைக்கலாம். அதையும் இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேருங்கள்.