காணாமல் போன பெண்ணைப் பற்றி இணையத்தில் துப்பறிபவர்கள் ஏன் அடிக்கடி தவறான ஆளைப் பிடிக்கிறார்கள்?

இணையத் துப்பறிவாளர்கள் என்றால், வழக்கோடு எந்தத் தொடர்பும் இல்லாமல், வெளியான வீடியோ, படம், பதிவுகளை வைத்து "என்ன நடந்திருக்கும்?" என்று ஆராயும் சாதாரண ஆட்கள்.

பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் போனில் பேசுகிறார். "அவன்கிட்ட சொல்லிடாதே" என்கிறார். மறுமுனையில் சொன்னது நமக்குக் கேட்காது. ஆனாலும் இறங்குவதற்குள் மனசு ஒரு முழுக்கதை கட்டிவிடும். (பிறந்தநாள் பரிசைப் பற்றிய பேச்சாகக்கூட இருக்கலாம்!) இங்கேயும் அதேதான். பாதித் தகவல்தான் வெளியே வருகிறது, மீதியை நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

2013இல் லாஸ் ஏஞ்சலஸில் 21 வயது மாணவி ஒருவர் தங்கியிருந்த ஓட்டலில் காணாமல் போனார். அவர் லிஃப்டுக்குள் பல பட்டன்களை அழுத்துவதும், வெளியே எட்டிப் பார்ப்பதுமான வீடியோவைப் போலீசார் வெளியிட்டனர். பேய், சதி, கொலை என்று ஆளுக்கொரு கதை கிளம்பியது. அதே ஓட்டலில் முந்தைய ஆண்டு தங்கிய ஓர் இசைக்கலைஞரைக் கொலைகாரன் என்றே முடிவுகட்டி, மிரட்டல்களாகக் குவித்தார்கள். மாணவியின் உடலோ, வீடியோ வெளியான சில நாட்களிலேயே ஓட்டலின் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில் கிடைத்தது. பிரேதப் பரிசோதனை முடிவு: தற்செயலாக நீரில் மூழ்கி மரணம், அவருக்கிருந்த இருமுனை மனநோயும் (மிகை உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்) ஒரு காரணி.

அப்புறம், போலீஸ் வாய் திறக்கவில்லை என்றால் எதையோ மறைக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், குற்றவாளிக்கு மட்டுமே தெரிந்த சில விவரங்களை வெளியே விடாமல் வைத்திருப்பது, பொய் வாக்குமூலத்தைப் பிரித்தறியும் வழக்கமான விசாரணை முறை.